தாத்தாவின் இலக்கமும் ஒரு நீல உருளையும்

யட்டவத்த டவுனில் நாங்கள் பஸ் ஏறுகிற இடத்துக்குக் கிட்ட ஒரு கொமினிகேஷன் இருக்கிறது. போட்டோகொப்பி, லெமினேட்டிங், போனுக்கு ரீலோட், ஒன்லைன் அப்ளிகேஷன், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கொப்பி பேனை, எல்லாமே அந்த ஒரே கடையில்தான். போன டிசம்பர் லீவில் ஒரு சனிக்கிழமை காலை, நாங்கள் மூன்று பேர் அந்தக் கடையின் கண்ணாடி மேசைக்கு முன்னால் வாயடைத்துப்போய் நின்றோம். எங்கள் கையில் ஒரு பழைய பிளாஸ்டிக் ஃபைல். அதற்குள்ளேயிருந்து அப்போதுதான் இழுத்தெடுத்த ஒரு தாள். தாளில் பாதி எழுத்தைக் காணவில்லை.

இழுக்கும்போதே 'சர்ர்' என்று ஒரு சத்தம் வந்தது, ஸ்டிக்கர் உரிக்கிற மாதிரி. அப்பவே நிறுத்தியிருக்கணும். "இழுக்காதீங்க, இழுக்காதீங்க!" என்று கடை நானா உள்ளேயிருந்து கத்தினார். அதற்குள் தாள் முழுசாக வெளியே வந்துவிட்டது. எழுத்தெல்லாம் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டது.

அது தாத்தாவின் பிரஜாவுரிமைச் சான்றிதழ். சரியாகச் சொன்னால், அதன் போட்டோகொப்பி. எங்களில் ஒருத்திக்கு அவர் சொந்தத் தாத்தா, மற்ற ரெண்டு பேருக்கு அதே லயத்துத் தாத்தா. லயத்தில் இந்த வித்தியாசமெல்லாம் பெரிசாகத் தெரியாது. அதனால் இந்தக் கட்டுரையிலும் யார் யார் என்று பிரிக்கவில்லை. தாத்தா இப்போது இல்லை. ஒரிஜினல் சான்றிதழும் இல்லை. கூரை ஒழுகி, ட்ரங்குப் பெட்டி நனைந்து, பிறகு கறையான் ஏறி, மிஞ்சியது ஓரத்துத் துண்டுகள்தான். நல்லவேளையாக அதற்கு முன்பே, 1994இல், அப்பாவுக்கு ஏதோ ஒரு தேவைக்காக மாத்தளையில் ஒரு கொப்பி எடுத்து வைத்திருந்தார்கள். அந்தக் கொப்பியைத்தான் அப்பாயி இத்தனை வருஷமாக ஃபைலில் போட்டு, சேலைகளுக்கு நடுவில் வைத்திருந்தார்.

இப்போது அத்தை வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகணும். பாஸ்போர்ட் எடுக்கப் போன இடத்தில், அப்பாவின் பிரஜாவுரிமைக்கு என்ன ஆதாரம் என்று கேட்டிருக்கிறார்கள். ஒரிஜினல் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, சான்றிதழ் இலக்கம் தெரிந்தால் தேடிப் பார்க்கலாம் என்று யாரோ நல்ல மனுசர் சொல்லி அனுப்பியிருக்கிறார். அந்த இலக்கம்தான் எங்களுக்கு வேணும். அப்பாயி ஃபைலைக் கையில் தரும்போது, "பத்திரம். அதுலதான் தாத்தா இருக்காரு" என்று சொல்லித்தான் தந்தார்.

ஒரு தாளுக்கு இவ்வளவு பயமா என்று யாராவது கேட்கலாம். மலையகத்தில் வளர்ந்தவர்கள் கேட்க மாட்டார்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இந்த நாட்டில் பிறந்தால் மட்டும் போதாது என்றது. அப்பாவும் இங்கே பிறந்திருக்கணும், இல்லாவிட்டால் அப்பாவழித் தாத்தாவும் பூட்டனும் இங்கே பிறந்திருக்கணும். அதைக் காட்டப் பேப்பர் வேணும். தேயிலைக்கும் றப்பருக்கும் ஆள் கூட்டி வந்தவர்கள் யாரும் பிறப்புப் பத்திரம் பார்த்துக் கூட்டி வரவில்லை. ஆக, பேப்பர் இல்லாத சனம் நாடில்லாத சனமாகிவிட்டது. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, ஒன்பது லட்சத்து எழுபத்தையாயிரம் பேரைக் கணக்கில் எடுத்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்றார்கள். அந்த மிச்சத்தை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். தாத்தா அந்த மூன்று லட்சத்துக்குள் வந்தவர். அவருக்குச் சான்றிதழ் கிடைத்தது எழுபதுகளில். அதற்குப் பிறகும் பேப்பர் இல்லாமல் நின்றவர்களுக்காக 1988இல் ஒரு சட்டம், 2003இல் இன்னொரு சட்டம் வரவேண்டியிருந்தது. முதல் சட்டத்திலிருந்து எண்ணினால் ஐம்பத்தைந்து வருஷம்.

அதனால்தான் எங்கள் வீடுகளில் நகைப்பெட்டி இருக்கிறதோ இல்லையோ, ஃபைல் இருக்கும். அந்த ஃபைலுக்குள் ஒவ்வொன்றிலும் நாலு போட்டோகொப்பி இருக்கும்.

கடைக்குத் திரும்புவோம். நானா எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "அழாதீங்க, எழுத்து எங்கயும் போகல, இடம் மாறியிருக்கு" என்றார். "கொஞ்சம் இருங்க. மெஷின்ல கறுப்புக் கோடு விழுது. இப்ப எடுத்தா உங்க நம்பருக்கு மேலயே கோடு விழும். ட்ரம்ம மாத்திட்டு எடுக்கலாம்."

அப்போதுதான் முதல் தடவையாக ட்ரம்மைப் பார்த்தோம். எத்தனை ஆயிரம் பக்கம் நோட்ஸ் அடித்திருப்போம், ஒரு நாள்கூட மெஷினுக்குள் என்ன இருக்கிறதென்று பார்த்ததில்லை. நானா பழைய ட்ரம்மைக் கழற்றி மேசையில் வைத்தார். ரொட்டி தேய்க்கிற கட்டையைவிட மெல்லிய ஒரு உருளை. கண்ணாடி மாதிரி பளபளப்பு, நீலமும் பச்சையும் கலந்த நிறம். அதில் சுற்றிவர மயிரளவுக்கு ஒரு கீறல். அந்தக் கீறல்தான் தாளில் கோடாக விழுந்திருக்கிறது. புது ட்ரம்மைக் கறுப்புக் கடதாசியில் சுற்றி வைத்திருந்தார். கதவுப் பக்கம் முதுகைக் காட்டி நின்று, வெளிச்சம் படாமல், ரெண்டு முனையிலும் மட்டும் பிடித்து உள்ளே பொருத்தினார்.

"மேல கை படக் கூடாது. வெயில் பட்டாலும் கெட்டுப்போகும். கண்ணு மாதிரி பாக்கணும்."

வெளிச்சத்தை வைத்து வேலை செய்கிற ஒரு சாமான் வெளிச்சத்தில் கெட்டுப்போகுமா? இந்தக் கேள்விதான் எங்களை அன்றிரவு முழுக்கத் தேட வைத்தது. தேடியதை இங்கே சுருக்கமாகச் சொல்கிறோம்.

சீப்பால் தலைவாரிவிட்டுக் கடதாசித் துண்டுகளுக்குக் கிட்டக் கொண்டுபோனால் துண்டுகள் துள்ளி வந்து ஒட்டும். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் செய்த வேலை. சீப்பில் ஏறியது நிலைமின்னேற்றம். சீப்பு ஒரு காவலி, அதனால் ஏறிய ஏற்றம் ஓடாமல் அங்கேயே நிற்கிறது. ஒரு கம்பியில் அது நிற்காது, ஓடிவிடும். சில பொருட்கள் இருக்கின்றன: இருட்டில் அவை சீப்பு மாதிரி, வெளிச்சம் பட்டால் கம்பி மாதிரி. இவற்றுக்கு ஒளிக்கடத்தி என்று பெயர். போட்டோகொப்பியின் முழு வித்தையும் இந்த ஒரு குணத்தில்தான் இருக்கிறது.

முதலில் இருட்டில் ட்ரம் முழுவதும் சில நூறு வோல்ற்று அளவுக்கு ஏற்றம் ஏற்றுகிறார்கள். பழைய மெஷினில், நீங்கள் கண்ணாடியில் வைத்த தாளுக்கு விளக்கடித்து, அதன் பிம்பத்தைக் கண்ணாடிகளாலும் வில்லையாலும் ட்ரம்மில் விழச் செய்வார்கள். தாளில் வெள்ளையாக இருந்த இடத்திலிருந்து வெளிச்சம் வரும். அது விழுந்த இடத்தில் ட்ரம் கடத்தியாகி, ஏற்றம் அடியில் இருக்கிற அலுமினியத்துக்குள் இறங்கிவிடும். எழுத்து கறுப்பு, அங்கிருந்து வெளிச்சம் வராது. எழுத்தின் இடத்தில் மட்டும் ஏற்றம் மிஞ்சி நிற்கும். இப்போது ட்ரம்மில் தாத்தாவின் பெயர் இருக்கிறது, ஆனால் கண்ணுக்குத் தெரியாது. பிறகு டோனர் தூள் வந்து ஏற்றம் இருக்கிற இடத்தில் மட்டும் ஒட்டும். ட்ரம்மோடு தாளைச் சேர்த்து, தாளுக்குப் பின்னாலிருந்து இன்னும் பலமாக இழுத்தால் தூள் தாளுக்கு மாறும். கடைசியில் சூடான உருளை அதை உருக்கி அமுக்கும். கொப்பி கைக்கு வரும்போது இளஞ்சூடாக இருப்பது அதனால்தான். உள்ளே ஒரு றப்பர் பட்டை மிச்சத் தூளை வழித்துவிடும், ஒரு வெளிச்சம் மிச்ச ஏற்றத்தைத் துடைத்துவிடும். தாத்தாவின் பெயரை ட்ரம் மறந்துவிட்டு அடுத்த ஆளின் பெயருக்குத் தயாராகிவிடும்.

நானாவின் மெஷின் மாதிரி இப்போதுள்ளவற்றில் ஒரு மாற்றம் இருக்கிறது. முதலில் தாளை ஸ்கேன் செய்து, அதை லேசர் கதிரால் ட்ரம்மில் எழுதுகிறார்கள். பெரும்பாலும் எழுத்து வரவேண்டிய இடத்திலேயே லேசர் விழும், ஏற்றம் போன அந்த இடத்தில்தான் தூள் உட்காரும். முன்பு வெளிச்சம் வெள்ளையைத் துடைத்தது. இப்போது வெளிச்சமே எழுதுகிறது.

இதைக் கண்டுபிடித்தவர் செஸ்டர் கார்ல்சன். அமெரிக்கர், ஏழைக் குடும்பம், அப்பா நோயாளி. நியூயோர்க்கில் ஒரு கம்பனியின் காப்புரிமைப் பிரிவில் வேலை. அந்த வேலையில் வரைபடங்களுக்கும் விவரங்களுக்கும் எப்போதும் பிரதி தேவைப்படும். டைப் அடிக்கணும், கையால் வரையணும், இல்லாவிட்டால் வெளியே அனுப்பிப் படம் பிடிக்கணும். அவருக்குக் கண் பார்வையும் மட்டு, மூட்டு வாதமும் இருந்தது. விடிய விடிய உட்கார்ந்து ஏ.எல் நோட்ஸ் பார்த்து எழுதிய எல்லோருக்கும் அந்த மனுசனின் கை வலி விளங்கும். ஒரு பட்டனை அமுக்கினால் கொப்பி வருகிற மாதிரி ஏதாவது இருக்கக் கூடாதா என்றுதான் அவர் யோசித்திருக்கிறார்.

1938 ஒக்டோபர் 22. நியூயோர்க்கின் அஸ்டோரியா பகுதியில் ஒரு வாடகை அறை. கூட இருந்து உதவியவர் ஒட்டோ கோர்னாய், ஒஸ்திரியாவிலிருந்து அகதியாக வந்த ஒரு விஞ்ஞானி. ஒரு நாகத் தகட்டில், அதாவது சிங்க் தகட்டில், கந்தகத்தை உருக்கிப் பூசினார்கள். கண்ணாடித் துண்டொன்றில் மையால் அன்றைய திகதியையும் ஊர்ப் பெயரையும் எழுதினார்கள். அறையை இருட்டாக்கி, கந்தகத்தைத் துணியால் தேய்த்து ஏற்றம் ஏற்றினார்கள். கண்ணாடியை அதன்மேல் வைத்துக் கொஞ்ச நேரம் விளக்கடித்தார்கள். கண்ணாடியை எடுத்துவிட்டு, லைக்கோபோடியம் என்கிற ஒரு பாசிச்செடியின் மெல்லிய வித்துத்தூளைத் தூவி, மெதுவாக ஊதினார்கள். எழுத்து இருந்த இடத்தில் மட்டும் தூள் நின்றது: திகதி, அஸ்டோரியா.

இதற்கு அடுத்து அவர்கள் செய்ததைப் படித்தபோது நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மெழுகு பூசிய ஒரு தாளை அந்தத் தூள்மேல் அமுக்கிச் சூடாக்கி, பிறகு உரித்தெடுத்தார்கள். எழுத்து மெழுகுத்தாளோடு வந்துவிட்டது. அதுதான் உலகத்தின் முதல் போட்டோகொப்பி. அப்பாயியின் ஃபைலுக்குள் நடந்ததும் கிட்டத்தட்ட அதே வேலைதான். தூள் ஒரு மேற்பரப்பிலிருந்து இன்னும் இறுக்கமாகப் பிடிக்கிற இன்னொரு மேற்பரப்புக்கு மாறியிருக்கிறது.

கார்ல்சனுக்கு 1942இல் காப்புரிமை கிடைத்தது, வாங்க ஆள் கிடைக்கவில்லை. இருபதுக்கு மேற்பட்ட கம்பனிகள் வேண்டாம் என்றன. 1944இல் பட்டெல் என்கிற ஆய்வு நிறுவனம் கைகொடுத்தது. பிறகு ஹலொய்ட் என்கிற ஒரு சின்ன போட்டோத்தாள் கம்பனி சேர்ந்தது. அதுதான் பின்னாளில் ஸெரொக்ஸ். இந்தியாவில் இன்றைக்கும் போட்டோகொப்பிக்கு ஜெராக்ஸ் என்றே பெயர். 1959இல் அவர்கள் விட்ட 914 என்ற மெஷின் கிட்டத்தட்ட 300 கிலோ எடை. சில நேரம் உள்ளே தாள் கருகிப் புகைந்ததால், கூடவே ஒரு தீயணைப்பானையும் கொடுத்தார்கள்.

அந்த 914இன் ட்ரம்மில் கந்தகம் இல்லை, செலீனியம். கந்தகம் போதிய அளவு வெளிச்சத்தை உணரவில்லை. செலீனியத்தின் கதை இன்னும் பழசு. 1817இல் சுவீடனில் பெர்சீலியஸ் கண்டுபிடித்து, கிரேக்க மொழியில் நிலாவின் பெயரை வைத்தார். 1873இல் இங்கிலாந்தில் வில்லோபி ஸ்மித் என்கிற பொறியியலாளர் கடலடித் தந்திக் கம்பிகளைச் சோதிக்கச் செலீனியக் குச்சிகளைப் பயன்படுத்தினார். அளவு ஒவ்வொரு நேரமும் ஒவ்வொரு மாதிரி வந்தது. பார்த்தால், வெளிச்சம் பட்டால் அது மின்னை நன்றாக விடுகிறது. அவருக்குத் தொல்லையாக இருந்த குணம்தான் பிற்காலத்தில் எங்களுக்குக் கொப்பி எடுத்துத் தந்தது.

செலீனியத்தை வெற்றிடத்தில் ஆவியாக்கி அலுமினிய உருளையில் மெல்லிய படலமாகப் படிய வைப்பார்கள். அது பளிங்காகாமல் கண்ணாடி மாதிரி இருக்கும்வரைதான் வேலை செய்யும். சூடு கூடினால் பளிங்காகி, இருட்டிலும் ஏற்றத்தைப் பிடித்து வைக்காது. கூட ஆர்சனிக் சேர்த்தால் பலம் கூடும், ஆனால் அது நஞ்சு, தேய்ந்த ட்ரம்மைக் கண்ட இடத்தில் எறிய முடியாது. இன்னொரு சிக்கலும் இருந்தது. செலீனியத்துக்கு நீல வெளிச்சம் நன்றாகத் தெரியும், சிவப்பு சரியாகத் தெரியாது. சின்ன லேசர்களோ சிவப்புக்கும் அப்பால், எங்கள் கண்ணுக்கே தெரியாத கீழ்ச்சிவப்பில் ஒளிர்கின்றன. அவற்றைக் காணக்கூடிய வேறு பொருள் வேண்டியிருந்தது.

விடை சாயத்திலிருந்து வந்தது. காபன் அடிப்படையிலான சேதனப் பொருட்கள். 1970இல் ஐபிஎம் கம்பனி தன் முதல் கொப்பி மெஷினில் இப்படி ஒன்றைப் போட்டது. பிறகு தலோசயனின் என்கிற சாயக் குடும்பம் வந்தது. செம்பு சேர்ந்த தலோசயனின்தான் அச்சு மையிலும் பெயின்டிலும் வருகிற அந்த அழுத்தமான நீலம். அதன் உறவுக்காரரான, டைட்டேனியம் சேர்ந்த ஒன்று கீழ்ச்சிவப்பை நன்றாகப் பிடிக்கும். நானாவின் மேசையில் பார்த்த நீலப்பச்சை நிறத்துக்குக் காரணம் இந்தக் குடும்பம்தான்.

அந்த நிறத்துக்குள் ஒரு அடுக்கு இல்லை, பல அடுக்கு. அடியில் அலுமினியம். அதன்மேல் தேவையில்லாமல் ஏற்றம் கசியாமலிருக்க ஒரு பூச்சு. அதன்மேல் சாயம் இருக்கிற அடுக்கு, பெரும்பாலும் ஒரு மைக்ரோமீற்றருக்கும் குறைவு. வெளிச்சம் பட்டால் ஏற்றங்கள் பிறப்பது இங்கே. எல்லாவற்றுக்கும் மேலே இருபது முப்பது மைக்ரோமீற்றர் தடிப்பில் ஒரு தெளிவான அடுக்கு. பிறந்த ஏற்றத்தை மேலே கொண்டுபோய்ச் சேர்ப்பது அதன் வேலை. அதற்குள் இருக்கிற பிளாஸ்டிக் பெரும்பாலும் பொலிகாபனேற்று, சீடி செய்கிற அதே சாமான். அலுமினியத்தின் மேலுள்ள பூச்சுகள் மொத்தத்தையும் சேர்த்தாலும் ஒரு தலைமயிரின் தடிப்புக்கூட வராது.

நானா ஏன் முதுகைக் காட்டி நின்றார் என்பது அப்போது விளங்கியது. இந்த அடுக்குகளில் நீண்ட நேரம் பலமான வெளிச்சம் பட்டால், உள்ளே ஏற்றங்கள் மாட்டிக்கொள்ளும். பிறகு இருட்டிலும் அது சரியாக ஏற்றம் பிடிக்காது, கொப்பி மங்கலாகவோ கறையாகவோ வரும். மெஷினுக்குள் விழுவது கண்சிமிட்டும் நேரத்து வெளிச்சம். வெயில் அதற்குத் தாங்காது.

மேல் அடுக்கு ஒவ்வொரு தாளுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது. 2022 ஞாபகம் இருக்கிறதா? மார்ச்சில் மேல் மாகாணத்தில் பேப்பர் இல்லாமல் தவணைப் பரீட்சையையே தள்ளி வைத்தார்கள். அந்த மாத முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. எங்கள் பக்கத்தில் கொப்பி விலை ரெண்டு மடங்குக்கு மேல் ஏறியது. கரண்ட் வருகிற நேரம் பார்த்து ஓடிப்போய் வரிசையில் நின்றோம். ட்ரம்மும் டோனரும் வெளிநாட்டிலிருந்து வருகிற சாமான். அது வராததால், தேய்ந்த ட்ரம்மையே மாதக்கணக்கில் ஓட்டினேன் என்று நானா சொன்னார். அந்த வருஷம் நாங்கள் படித்த நோட்ஸ் எல்லாவற்றிலும் இடது பக்கம் ஒரு சாம்பல் கோடு ஓடும். அப்போது எரிச்சலாக இருந்தது. இப்போது எடுத்துப் பார்த்தால் எந்த வருஷத்து நோட்ஸ் என்று கோட்டை வைத்தே சொல்லிவிடலாம்.

சரி, தாத்தாவின் எழுத்து ஏன் பிளாஸ்டிக்குக்குப் போனது?

டோனர் மை இல்லை. அது பிளாஸ்டிக் தூள். காபன் கரி கலந்த, சில மைக்ரோமீற்றர் அளவுள்ள துணிக்கைகள். சூட்டில் உருகித் தாளின் நார்களைப் பிடித்துக்கொள்கிறது, மை மாதிரி தாளுக்குள் ஊறுவதில்லை. அதாவது, போட்டோகொப்பியில் எழுத்து தாளின் மேலே உட்கார்ந்திருக்கிறது. பழைய மிருதுவான ஃபைல்கள் பெரும்பாலும் பிவிசி. பிவிசி இயல்பில் விறைப்பானது, அதை வளைய வைக்க எண்ணெய் மாதிரி ஒரு மிருதுவாக்கியைக் கலக்கிறார்கள். வருஷக்கணக்கில் அந்த எண்ணெய் மெல்லக் கசிந்து டோனருக்குள் போகும், டோனர் இளகும். மேலே சேலைகளின் பாரம், கூரைத் தகரத்தின் சூடு. கடைசியில் எழுத்து தாளைவிட ஃபைலை இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். அப்பாயி பாதுகாக்க வேண்டுமென்று போட்ட உறைதான் எழுத்தை எடுத்துக்கொண்டது. அவர் மேல் ஒரு பிழையும் இல்லை. லயத்தில் எல்லோரும் அப்படித்தான் வைத்திருக்கிறோம்.

அன்றைக்குக் கடையில் இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. நானாவுக்குப் பெயர்கள் தெரியாவிட்டாலும் வேலை தெரிந்திருந்தது. ஃபைலை ஓரத்தில் வெட்டி விரித்தார். முதலில் அவசரப்பட்டு, எழுத்து ஒட்டியிருக்கிற உள்பக்கத்தைக் கண்ணாடியில் கவிழ்த்து வைத்தது நாங்கள்தான். கொப்பி தலைகீழாக, கண்ணாடியில் பார்க்கிற மாதிரி, வலமிருந்து இடமாக வந்தது. ஒரு நிமிஷம் எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ட்ரம்மிலும் எழுத்து இப்படித் திரும்பித்தான் இருக்கும், தாளுக்கு மாறும்போதுதான் நேராகும் என்பது பிறகு விளங்கியது.

பிளாஸ்டிக்கைத் திருப்பி, வெளிப்பக்கம் கண்ணாடியில் படுகிற மாதிரி வைத்தோம். மேலே ஒரு புது வெள்ளைத்தாள். நானா மெஷினின் கண்ணாடியை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார், கறுப்பைக் கொஞ்சம் கூட்டினார். பச்சை வெளிச்சம் ஓடியது. தாள் வந்தது. நடுவில் பிளாஸ்டிக்கின் மடிப்புகள் மேகம் மாதிரி விழுந்திருந்தன. ஆனால் முத்திரை தெரிந்தது, தாத்தாவின் பெயர் தெரிந்தது. இலக்கம் வரவேண்டிய இடத்தில் கடைசி இலக்கங்கள் மட்டும் இருந்தன. முன்னால் வெறுமை.

யாரும் பேசவில்லை. பிறகு எங்களில் ஒருத்தி அந்தப் பழைய, பாதி எழுத்துப் போன தாளைக் கையில் எடுத்து ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தாள். அங்கே, மேல் மூலையில், மூன்று இலக்கம் தாளை விடாமல் இருந்தன. அந்த மூலை மடிந்திருந்ததால் பிளாஸ்டிக் அதைத் தொடவில்லை போலிருக்கிறது. மூன்று தாளில், மிச்சம் பிளாஸ்டிக்கில். ரெண்டையும் பக்கத்தில் வைத்து மூன்று பேரும் மாறி மாறி வாசித்தோம். நானாவையும் வாசிக்கச் சொன்னோம். நாலு பேருக்கும் ஒரே இலக்கம்தான் வந்தது. உள்ளங்கையில் எழுதிக்கொண்டோம், போனில் படம் எடுத்துக்கொண்டோம், ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டோம்.

நானா கொப்பிக் காசை மட்டும் எடுத்தார். தலைகீழாக வந்த கொப்பிக்குக் காசு வேணாம் என்றார்.

இதை வாசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறோம். இன்றைக்கு வீட்டில் அந்த ஃபைலைத் திறந்து பாருங்கள். போட்டோகொப்பியும் லேசர் பிரிண்டும் மிருதுவான பிளாஸ்டிக்கோடு முகம் படுகிற மாதிரி இருந்தால், நடுவில் ஒரு வெள்ளைத்தாளை வையுங்கள். தாள் ஏற்கனவே ஒட்டியிருந்தால் இழுக்காதீங்க. வெளியே எடுக்காமலே, ஃபைலோடு கண்ணாடியில் வைத்து முதலில் ஒரு கொப்பி எடுங்கள். புதுசாக வாங்குவதென்றால் பொலிப்ரொப்பிலீன் உறை நல்லது. அதில் அந்த எண்ணெய் இல்லை. பாரம் ஏற்றாதீங்க, தகரக் கூரைக்குக் கீழே வைக்காதீங்க. ஒரிஜினல் கையில் இருக்கும்போதே நன்றாக ஒரு ஸ்கேன் எடுத்து, ரெண்டு மூன்று பேரிடம் கொடுத்து வையுங்கள். எங்கள் வீடுகளில் ஒரு தாளுக்குப் பின்னால் ஒரு பாஸ்போர்ட், ஒரு வேலை, ஒரு வீட்டுக்காணி நிற்கிறது.

அத்தை அந்த இலக்கத்தைப் போட்டு, அத்தாட்சிப்படுத்திய பிரதி கேட்டு விண்ணப்பித்திருக்கிறார். இதை எழுதுகிற நேரம் பதில் வரவில்லை. காத்திருக்கிறோம்.

அன்றைக்குப் பின்னேரம் லயத்துக்குப் போய், புதுக் கொப்பிகளை அப்பாயியிடம் கொடுத்தோம். அவருக்கு வாசிக்கத் தெரியாது. எழுத்து மேல் விரலை வைத்து மெதுவாகத் தடவிப் பார்த்தார்.

"இதுவும் ஒட்டிக்குமா?"

"நடுவுல வெள்ளப் பேப்பர் வச்சிருக்கோம் அப்பாயி. ஒட்டாது."

"அந்தப் பழைய பிளாஸ்டிக்கு எங்க?"

வெட்டி விரித்த ஃபைலைச் சுருட்டிப் பையில் வைத்திருந்தோம். இனி எதற்கு அது, வீசிவிடலாம் என்றோம்.

"குடு இங்க" என்று கையை நீட்டினார். "அதுலயும் பாதி இருக்காரு."